கண்ணில் ஒற்றிய துண்டு

கார்த்திகா ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறாள் என்று பொன்மணி கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். தெருக்குழாயில் குடம் நிரம்பி வழிந்து காலை நனைப்பதுகூடத் தெரியாமல் நின்று சொன்னாள். பேண்டேஜ் கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறவள், "ஏட்டி, உன் மவ ஊசி போடப் போறாளா, இல்ல ஊசி போடுறத வேடிக்க பாக்கப் போறாளா?" என்று கிண்டல் செய்தபோதும் பொன்மணிக்குக் கோபம் வரவில்லை. ரெண்டில் எதுவாக இருந்தாலும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டுதானே நிற்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகா இராஜபாளையத்தில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. தொழிற்கல்வியில் நர்சிங் பிரிவு. அந்தப் பிரிவுப் பிள்ளைகளை வருஷத்தில் கொஞ்ச நாள் வேலை நடக்கிற இடத்துக்கே அனுப்பிவைப்பார்கள். பார்த்துப் பழகி வரவேண்டும். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் உள்ளூரிலேயே இடம் கிடைத்துவிட்டது. கார்த்திகாவுக்கு மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு டாக்டரம்மா நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி.

முதல் நாள் காலையில் கோட்டுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டது அவள் அப்பா ஜெயபாண்டி. நூல் மில்லில் வேலை முடிந்து வந்த ஆள், தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் பெட்டி போட்டார். அவர் தலையிலிருந்து பஞ்சு கோட்டில் விழ, பொன்மணி எடுக்க, மறுபடி விழ, கடைசியில் பொன்மணி ஒரு துண்டை எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டாள். தலைப்பாகையோடு நின்று மகளைப் பார்த்து, "டாக்டரம்மா வாராக, வழி விடுங்க" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் பியூலா சிஸ்டர். அந்த ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ் அவர்தான். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அவர் கையில்தான் இருக்கவேண்டும். போன வருஷம் வந்த ஒரு பிள்ளை கட்டுப்போடுகிற அறைக்குள் செல்போனைக் கொண்டுபோய்விட்டு, கொண்டுவரவில்லை என்று சாதித்ததாம். அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டாராம். பயிற்சி முடிக்காத பிள்ளைக்குச் செய்முறைப் பரீட்சையில் என்ன போடுவார்கள்? அதில் கோட்டைவிட்டால் மேற்கொண்டு நர்சிங் படிக்க யார் சேர்ப்பார்கள்? பொன்மணிக்குப் புரிந்த கணக்கு அவ்வளவுதான். அந்த அம்மா முகம் கோணாமல் பயிற்சி முடியவேண்டும். இல்லையென்றால் இந்தப் பிள்ளையும் கம்பெனியில் தன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டியதுதான்.

கம்பெனி வேலை கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. அதில்தான் சோறு தின்றார்கள். ஆனால் பகலெல்லாம் குனிந்து மடித்துவிட்டு எழுந்திருக்கும்போது இடுப்பு உடம்போடு சேர்ந்து எழுந்திருக்காமல் செத்த நேரம் கழித்துத் தனியாக எழுந்திருக்கும். அது அவளுக்கு மட்டும் தெரியும். அந்த இடுப்பு மகளுக்கு வேண்டாம் என்றுதான் இருந்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம். ஜெயபாண்டி மில்லுக்குப் போய்விட்டார். தாயும் மகளும் வீட்டுக்குள் பாயை விரித்து, கம்பெனியிலிருந்து வாங்கிவந்த கட்டைப் பிரித்துவைத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். புண்ணுக்கு வைத்துக் கட்டுகிற காஸ் துணி, வலை மாதிரி கண்ணுகண்ணாக இருக்கும். கம்பெனியில் மடித்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொடுப்பார்கள். கார்த்திகாவுக்கு நடக்கத் தெரிந்ததும் பழகிய வேலை அதுதான். அவள் கை தன்னால் மடிக்கும், வாய் தன்னால் பேசும்.

அன்றைக்கு அவள் பேச்செல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஜெபாவைப் பற்றி. சுந்தரபாண்டியத்துப் பிள்ளை. ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவம். இருபது வயதுதான் இருக்கும். கார்த்திகாவை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டாளாம். இவள் பின்னால் திரும்பிப் பார்த்தாளாம், யாரைக் கூப்பிடுகிறாள் என்று. தனக்கு வந்த ரஸ்கில் பாதியை ஒடித்துக் கையில் வைத்தாளாம். பிறந்த பிள்ளை முழிக்கும்போது ஒரு கண்ணை மட்டும் திறக்குமாம்.

பொன்மணி கேட்டுக்கொண்டே மரத்துப்போன காலை நீட்டினாள். அடுக்கின் மேலே இருந்த துண்டு ஒன்று சரிந்து தரையில் விழுந்தது. அவள் குதிகால் அதன்மேல் பட்டுவிட்டது. எடுத்தாள். ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். ஒரு உதறு உதறி அடுக்கில் வைத்தாள்.

இது அந்த வீட்டில் எப்போதும் நடக்கிறதுதான். சோறு போடுகிற பொருள். காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும், விழுந்ததை வீணாக்காமல் எடுத்து வைக்கவேண்டும். கார்த்திகாவுக்கு மூன்று வயதில் இதைச் சொல்லிக்கொடுத்தவளும் பொன்மணிதான். அவள் தத்தித் தத்தி வந்து துணியை மிதித்துவிட்டு, எடுத்துக் கண்ணில் ஒற்றுவதற்குப் பதில் மூக்கில் ஒற்றியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

பேச்சு நின்றுபோனதைப் பொன்மணி அப்புறம்தான் கவனித்தாள். மகள் மடித்த கை மடித்தபடி இருக்க, அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"அம்மா, நானும் இன்னைக்கு அப்படித்தான் செஞ்சேன்."

முதலில் பொன்மணிக்கு விளங்கவில்லை. கார்த்திகா சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. மத்தியானம் கட்டுப்போடுகிற அறையில் சிஸ்டர், அவித்த துணி வைத்திருக்கிற டிரம்மைத் திறந்து இடுக்கியால் துணி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட, மூடியைப் போடு என்று இவளிடம் சொல்லிவிட்டு ஓடினார். இவள் மூடப் போனாள். காலில் அந்தத் துண்டு பட்டது. எடுத்தாள், கண்ணில் ஒற்றினாள், டிரம்முக்குள் வைத்து மூடினாள். செய்தது அவளுக்கே தெரியவில்லை. தும்மினால் கண் மூடிக்கொள்கிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துவிட்டது. இப்போது அம்மாவின் கையைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

பொன்மணிக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை துண்டு விழும், எத்தனை பேர் காலில் படும், எல்லாம் உதறித்தானே வைக்கிறார்கள் என்று சொன்னாள்.

"அது இனிமேத்தான் அவியப் போற துணிம்மா. நம்ம கிட்ட விழுந்தா என்ன, பொறவு நீராவியில வெந்துதான் புண்ணுக்குப் போகும். இது வெந்து வந்த பொறவு விழுந்தது. அந்த டிரம்மத் தொறந்தா இடுக்கிய விட்டுத்தான் எடுக்கணும், கையே படக்கூடாது. நான் தரையில கெடந்தத வச்சிருக்கேன்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

பொன்மணி மடிக்கத் தொடங்கினாள். யாரும் பார்க்கவில்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று ஒரு மனசு சொன்னது. மூன்று துண்டு மடித்தாள். மூன்றும் கோணலாக வந்தன.

"அந்தத் துணிய யாருக்கு வப்பாக?" என்று கேட்டாள்.

கார்த்திகா வாயைத் திறக்காமல் அழுதாள். கேட்டது தப்பு என்று பொன்மணிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கண்ணை மட்டும் திறக்கிற பிள்ளையைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

சிஸ்டருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். வேலை நேரத்தில் அவர் போன் அணைந்துதான் இருக்கும். வேறு யார் நம்பரும் இவர்களிடம் இல்லை. பொன்மணி எழுந்தாள். இடுப்பு வழக்கம்போல் பின்னால் எழுந்து வந்தது. பாயை அப்படியே போட்டு, மடித்த துணியை மட்டும் ஒரு சேலையால் மூடிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

வீட்டுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ரயில்வே கேட். இவர்கள் போய்ச் சேரவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது. செங்கோட்டைக்குப் போகிற வண்டி வரவேண்டும். டூவீலர்காரர்கள் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இறங்கி நின்றார்கள். ஒருவன் மனைவியிடம் மல்லிகைப்பூ வாங்க மறந்ததற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

நடந்துகொண்டிருந்தவரை பொன்மணிக்கு ஒன்றும் தோன்றவில்லை. நின்றதும் தோன்றியது. போய்ச் சொன்னால் அந்த அம்மா என்ன செய்வார் என்று நினைத்தாள். அனுப்பிவிடுவார். அவ்வளவுதான். நாலு நாள்தான் போட்டிருக்கிற கோட்டு. தெருக்குழாயில் சொன்னது, கம்பெனியில் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தத் துண்டு அடியில் போயிருக்கலாம். யாருக்கும் வைக்காமலே போகலாம். வைத்தாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். அவள் மகளைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்குக் காலையில நீ மொதல்ல போயி அந்தத் துணிய எடுத்துப் போட்ரலாம்லா. ஒருத்தருக்கும் தெரியாது."

கார்த்திகா தண்டவாளத்தைப் பார்த்தபடி, "சாயங்காலமும் கட்டு மாத்துவாக" என்றாள். பிறகு வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி, "நீ வேணா வீட்டுக்குப் போம்மா. நான் போயிட்டு வாரேன்" என்றாள்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. அம்மா களைத்திருக்கிறாள், போய் உட்காரட்டும் என்பதுபோல்தான் சொன்னாள். அதுதான் பொன்மணியை உறுத்தியது. ரயில் வந்தது. வெளிச்சமான பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போகும்போது மகள் முகத்தில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழுந்தன. கோட்டுப் போடாமலே அவள் பெரிய பிள்ளையாகத் தெரிந்தாள்.

கேட் ஏறியது. "நட" என்றாள் பொன்மணி.

பஸ்ஸில் நெருக்கடி. பாதி வழியில் இடம் கிடைத்தும் இருவரும் நின்றுகொண்டே போனார்கள். கண்டக்டர் ரெண்டு தடவை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, நிற்கிறதற்கும் அதே டிக்கெட்டுதான் என்று சொல்லிப் போனார்.

ஆஸ்பத்திரியில் பியூலா சிஸ்டர் மருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வார்டிலிருந்து வெளியே வந்தார். ஒல்லியான ஆள். நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தார். கார்த்திகாவைக் கண்டதும், எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனாயா என்று கேட்டார். பொன்மணி முந்திக்கொண்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"சிஸ்டரம்மா, என் தப்பும்மா இது. நான்தான் பழக்கினேன். பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக."

சிஸ்டர் அவளைக் கையமர்த்திவிட்டு, "நீ சொல்லு" என்று கார்த்திகாவிடம் திரும்பினார்.

கார்த்திகா சொன்னாள். எதையும் விடவில்லை. கண்ணில் ஒற்றியதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது, சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியுமே என்று. சிஸ்டர் சிரிக்கவில்லை. எந்த டிரம் என்று கேட்டார். சின்ன டிரம். மேலே வைத்தாயா, ஓரத்தில் சொருகினாயா? மேலே.

"மேல இருந்தத நாலரைக்கே எடுத்துட்டேனே" என்றார். "சுந்தரபாண்டியத்துப் பிள்ளைக்கு."

பாதி ரஸ்க்கை ஒடித்துக் கொடுத்த ஜெபாதான் அது.

அதற்குப் பிறகு சிஸ்டர் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று மாடியேறி டாக்டரம்மாவிடம் போனார். போகும்போது, டாக்டர் அனுப்பச் சொன்னால் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்று மட்டும் சொன்னார். தாயும் மகளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வார்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஜெபா பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கார்த்திகாவைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தாள். கார்த்திகாவுக்குக் கை எழவில்லை. பொன்மணிதான் மகளுக்குப் பதிலாகக் கையை அசைத்தாள்.

மாடியிலிருந்து பேச்சு லேசாகக் கேட்டது. டாக்டரம்மா குரல் உரத்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உள்ளே விட்டதே தப்பு என்கிற மாதிரி என்னவோ சொன்னார். பிறகு சிஸ்டர் குரல்.

"டிரம்மத் தொறந்து போட்டுட்டு ஓடுனது நான்தான் மேடம். விழுந்த துணி எங்கன்னு வந்து பாக்காததும் நான்தான். அந்தப் பிள்ள ராஜபாளையத்துலருந்து பஸ் ஏறி வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பொன்மணி மகளின் விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனியில் காஸ் துணியின் தும்பு ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

டாக்டரம்மா இறங்கி வந்து இவர்களைப் பார்த்தும் பார்க்காமலும் வார்டுக்குள் போனார். சிஸ்டர் வேறு டிரம்மோடு பின்னால் வந்தார். வாசலில் நின்று கார்த்திகாவைக் கூப்பிட்டார். கோட்டு இல்லையே என்றாள் அவள். சிஸ்டர் ஒரு பச்சை அங்கியை எடுத்து அவள்மேல் போட்டார்.

"கையப் பின்னால கட்டு. நான் என்ன செய்யுதேன்னு பாரு. ஒண்ணையும் தொடக்கூடாது."

கதவு சாத்தப்பட்டது. பொன்மணி வெளியே நின்றாள். பச்சைப்பிள்ளை அழுதது, பிறகு நின்றது. ஜெபாவின் மாமியார் வெளியே வந்து, கட்டு நனைந்துவிட்டதாம், மாற்றுகிறார்களாம் என்று பொன்மணியிடம் சொன்னாள். நனைந்தது என்று சொன்னது யார், சிஸ்டரா டாக்டரம்மாவா என்று பொன்மணிக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். பொன்மணி வாங்கிக் குடித்தாள். பேரப்பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். அதில்தான் வீட்டில் சண்டையே என்றாள் அவள்.

கதவு திறந்தபோது கார்த்திகா அதேபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள். அவிழ்க்கச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்போல. அவளுக்குப் பின்னால் சிஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். புண் சுத்தமாக இருக்கிறது, மருந்து மாற்றியிருக்கிறது, ரெண்டு நாள் கவனித்துப் பார்க்கவேண்டும் என்றார். கவனித்துப் பார்க்கவேண்டும் என்றால் என்ன என்று பொன்மணி கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வா" என்றார் சிஸ்டர் கார்த்திகாவிடம். "ஜெபாவுக்குக் காய்ச்சல் பாத்து நீதான் எனக்குச் சொல்லணும். காலையில, மத்தியானம், நீ கிளம்புத நேரம். கட்டுப்போடுற ரூமுக்குள்ள நின்னா கை பின்னாலதான் இருக்கணும். எப்ப அவுக்கணும்னு நான் சொல்லுதேன்."

கார்த்திகா தலையாட்டினாள்.

சிஸ்டர் பொன்மணி பக்கம் திரும்பினார். "நீங்க பழக்குனது வீட்டுல இருக்கட்டும்மா. அதுல ஒரு குத்தமும் இல்ல" என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "இங்க கீழ விழுந்தது குப்பைக்கு. அம்புட்டுத்தான்" என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் குறைந்திருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் கார்த்திகா. காற்று அடித்து அவள் முடி பொன்மணி முகத்தில் பட்டுக்கொண்டே வந்தது, அவள் ஒதுக்கவில்லை. பிள்ளை ஒரு கண்ணைத்தான் திறக்கிறதா என்று கேட்டாள். இன்றைக்கு ரெண்டையும் திறந்து பார்த்தது, நான் கை கட்டி நின்றதைப் பார்த்துச் சிரித்திருக்கும் என்றாள் மகள். பொன்மணி சிரித்தாள். கேட்டில் நின்று தான் சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மகளின் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வளைவில் பஸ் குலுங்கியது. கார்த்திகாவின் செருப்புக்கால் அம்மாவின் பாதத்தில் இடித்துவிட்டது. சட்டென்று அவள் கை அம்மாவின் கையைத் தொடப் போனது. பாதியில் நின்றது. அந்தரத்தில் நின்ற அந்தக் கையை அவளே பயந்துபோய்ப் பார்த்தாள்.

பொன்மணி அந்தக் கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்தாள்.

"இது டிரம் இல்லட்டி. ஒத்திக்கோ" என்றாள்.

கார்த்திகா ஒற்றிக்கொண்டாள். ஒற்றிய கையைக் கண்ணிலிருந்து செத்த நேரம் எடுக்கவே இல்லை.